வாவியைச் சுற்றி மரதன்: குளிராக இருந்தால் வேகமாக ஓடிவிடலாமா?

ஜனவரி 6, 2025. வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகர் கேட்டது:

"அக்கா, பெப்ரவரி 23ஆம் திகதி நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றி நீங்கள் நடத்துகிற சின்ன மரதனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கொழும்பில் 4 மணி 10 நிமிடத்தில் ஓடியிருக்கிறேன். அங்கே குளிர், வாவிக்கரைப் பாதையும் பெரும்பாலும் சமம். அப்படியென்றால் 3:55க்குள் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. சரிதானே? இன்னொன்று, ஒரே வாவியைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதை மரதன் என்று சொல்லலாமா?"

ஜனவரி 6, இரவு

சரியில்லை தம்பி. உங்கள் கணக்கில் காற்று விட்டுப்போயிருக்கிறது.

வாவி இருப்பது ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். வெள்ளவத்தைக் கடற்கரையிலும் அதுதான், பீதுருதாலகால உச்சியிலும் அதுதான். குறைவது அழுத்தம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே ஒரு மூச்சு இழுத்தால் உள்ளே போகிற ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. கதிரையில் உட்கார்ந்து பிளேன்டி குடிக்கும்போது அது தெரியவே தெரியாது. ஓடத் தொடங்கி இருபது நிமிடம் போனால் நெஞ்சு சொல்லும்.

1968 ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். மெக்சிகோ நகரம், 2,240 மீட்டர். மரதனில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே வென்ற நேரம் 2:20:26. நான்கு வருடம் முந்தி டோக்கியோவில் அவர் நாட்டுக்காரர் அபேபே பிகிலா ஓடியது 2:12:11. மலையில் பிறந்தவர்களுக்கே அந்த நிலை.

ஜனவரி 7

இரண்டாவது கேள்வியை நேற்று விட்டுவிட்டேன்.

மரதன் என்பது தூரம். அதை நேராக ஓடினாலும் சுற்றி ஓடினாலும் 42.195 கிலோமீட்டர் 42.195 கிலோமீட்டர்தான். அந்த எண்ணே ஒரு வசதிக்காக வந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரிப் பாதையை அமைத்தார்கள். அந்த நீளம் 1921இல் நிரந்தரமாகிவிட்டது.

சுற்று ஓட்டத்தில் எனக்குப் பிடித்தது, முதலாவது ஆளும் கடைசி ஆளும் ஒருவரையொருவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வது. பெரிய ஊர் ஓட்டங்களில் மெதுவாக ஓடுகிறவர் இரண்டாவது மணிக்கே தனியாகிவிடுவார். இங்கே கடைசி மனிதர் ஓடி முடிக்கும் வரை வாவியின் அந்தக் கரையில் யாராவது கண்ணில் படுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே மேசை, அதே முகம், அதே வாழைப்பழம். முப்பதாவது கிலோமீட்டருக்கு அப்புறம் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே வந்தால் தெரியும்.

ஜனவரி 11

ஆறாம் திகதி நான் எழுதியதில் பாதிதான் சரி. திருத்துகிறேன்.

அன்றைக்கு உயரத்தை மட்டும் பார்த்தேன். கொழும்பில் நீங்கள் ஓடுவது எந்தக் காற்றில் என்பதை யோசிக்கவில்லை. விடியற்காலையிலேயே வியர்வை காயாத புழுக்கம் அது. அந்த ஈரத்தில் உடம்பு தன் இரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்பித்தான் சூட்டை இறக்க வேண்டும், அந்த அளவுக்குக் காலுக்குப் போவது குறையும். மரதனுக்கு ஏற்றது பத்துப் பாகையை ஒட்டிய குளிர்தான், பெப்ரவரி விடியலில் நுவரெலியாவில் அது கிடைக்கும். அப்படியென்றால் உயரம் ஒரு கையால் எடுப்பதைக் குளிர் மறு கையால் கொஞ்சம் திருப்பித் தருகிறது. 4:10 என்ற உங்கள் நேரத்தை இங்கேயும் எட்டலாம். ஆனால் 3:55 என்று மனதில் போட்டுக்கொண்டு வந்தால் 4:10உம் கைக்கு வராது. இதை நான் விடமாட்டேன்.

மெக்சிகோவையும் டோக்கியோவையும் ஒப்பிட்டதும் அவ்வளவு நியாயமில்லை. வேறு வருடம், வேறு பாதை. உயரம் ஒரு காரணம், அதுவே எல்லாக் காரணமும் இல்லை. பிகிலாவே மெக்சிகோவிலும் ஓடினார், வலியோடு வந்து பாதியை எட்டும் முன்னரே நின்றுவிட்டார்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். இங்கே பானை பொங்கிவிட்டது, ஆனால் அரிசி வேகவில்லை. நம்மூரில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பும் அரிசியும் வேக நேரம் எடுக்கும். அம்மா இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தார்: "பொங்குனதப் பாத்து எறக்காத, இன்னும் வேகணும்." ஓட்டத்துக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஜனவரி 19

எப்போது வந்து சேர்வது என்று கேட்டீர்கள். முடிந்தால் இரண்டு வாரம் முந்தி, முடியாவிட்டால் முதல் நாள் மாலை. நடுவில் இரண்டு மூன்று நாள் முந்தி வருவதுதான் பலருக்கு ஒத்துவராது. புது உயரத்தில் முதல் நாட்களில் தூக்கம் கலையும், சிறுநீர் கூடுதலாகப் போகும், உடம்பில் நீர் குறையும். புது இரத்த அணுக்கள் உண்டாகி வேலைக்கு வரக் கிழமைக் கணக்கில் ஆகும்.

மாத்திரை ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டதற்கு: நானாக எதையும் சொல்லமாட்டேன். மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தொந்தரவு தரும். தலைவலி இருந்தால் ஓய்வெடுங்கள். இருதயத்திலோ மூச்சிலோ பழைய பிரச்சினை இருந்தால் உங்கள் வைத்தியரைக் கேட்காமல் பஸ் ஏற வேண்டாம்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று பாதையை அளந்தோம். கை விறைத்திருக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மரதன் பாதையைச் செல்பேசியால் அளக்க முடியாது. சைக்கிள்தான். முன் சில்லில் சுற்றை எண்ணுகிற ஒரு சின்னக் கருவி. முதலில் இரும்பு நாடாவால் அளந்த ஒரு நேர்த்துண்டில் சைக்கிளைப் பலமுறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்குக் கருவி எத்தனை எண் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். டயரில் காற்று சூட்டுக்கு ஏற்ப மாறும் என்பதால் அளந்து முடித்த பிறகும் அதே துண்டில் திரும்ப ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். பாதையில் போகும்போது ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய கோடுதான் கணக்கு, வளைவில் ஓரக்கல்லில் இருந்து 30 சென்ரிமீட்டர். எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூட்டிப் போட வேண்டும், பாதை தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக மரதனுக்கு 42 மீட்டர் கூடுதல்.

காலை ஆறு மணிக்கு வாவி மேல் மூடுபனி பால் மாதிரி நின்றது. சைக்கிள் ஓட்டிய அண்ணனின் முதுகு இரண்டு வளைவுக்கு அப்பால் மறைந்துவிட்டது, மணிச் சத்தம் மட்டும் கேட்டது. குதிரைச் சாணத்தைத் தாண்டிக் கோட்டை விடாமல் ஓட்டுவது லேசான வேலையில்லை. முழுச் சுற்றுகள் போக மிஞ்சிய தூரத்தைப் பதுளை வீதியில் போய்த் திரும்பி நிரப்புவதாக முடிவு. திரும்பும் இடத்தில் தாரில் ஆணி அடித்து, சிவப்பு பெயின்ற் பூசியிருக்கிறோம்.

1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி உண்டாக்கிய வாவி இது. இயற்கை ஏரி என்றுதான் இருபது வயது வரை நான் நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 9

நாடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. பாணந்துறையில் உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாம். வெள்ளவத்தைத் தம்பி ஜிம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போது இயந்திரம் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறார். இதையே சகுனமாக எடுத்துக்கொண்டு வீதிக்கு இறங்குங்கள். வாவியைச் சுற்றிப் பட்டி ஓடாது, நாம்தான் ஓட வேண்டும்.

பெப்ரவரி 10

நேற்றுச் சிரித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. இந்த ஓட்டத்தை ஏன் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது இராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தார். பாடசாலை விட்டதும் தேத்தண்ணிப் போத்தலையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடுவேன். கரத்தை ரோட்டில் போனால் தூரம் அதிகம் என்று குறுக்குப் பாதையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறுவேன். மூச்சு வாங்கும், நிற்க மாட்டேன், தேத்தண்ணி ஆறிவிடும். அதை ஓட்டம் என்று யாரும் சொன்னதில்லை, எந்த நேரத்தையும் யாரும் எழுதவில்லை.

அம்மாவுடைய உழைப்பை மட்டும் எழுதினார்கள். நிறுவை குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். மழையில் எட்டு மணி நேரம் நின்றிருந்தாலும் அரைப்பேர். அம்மா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தத் தாழ்ந்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். எனக்கு இருக்கிறது.

பெப்ரவரி 16

எடுத்து வர வேண்டியவை: கழற்றி எறிந்தாலும் கவலைப்படாத ஒரு பழைய சுவெட்டர், கையுறை, தொப்பி. குளிரை நம்பி வெயில் களிம்பை விட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், ஒன்பது மணிக்குப் பனி விலகியதும் மூக்கு வெந்துவிடும். வலிக்குத் தடவுகிற சித்தாலேப எங்களிடம் இருக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஜீவனித் தூளும் இருக்கும், பொதியில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைப்போம். தாகம் எடுத்தால் குடியுங்கள், கண்ட மேசையில் எல்லாம் கட்டாயம் குடிக்க வேண்டும் என்பதில்லை. குளிரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர் வெறும் தண்ணீரையே அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே ஆபத்தாகும்.

வேகத்துக்கு ஒரே சோதனை: முதல் இரண்டு சுற்றிலும் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு உடையாமல் பேச முடிய வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

பெப்ரவரி 22, இரவு

முப்பத்தெட்டுப் பேர். தம்பி வந்து சேர்ந்துவிட்டார், நானுஓயாவில் இறங்கி. படிக்கட்டு ஏறும்போதே மூச்சு வாங்குகிறது என்றார். நல்லது, இப்போது நம்புவார்.

ஒரு கவலை. தண்ணீர் போத்தல் தருவதாகச் சொன்ன கடைக்காரர் மாலை ஆறு மணிக்கு முடியாது என்றுவிட்டார். பக்கத்து வீடுகளில் வாளிகளும் பெரிய கேத்தல்களும் கேட்டு வாங்கியிருக்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைக்கிறோம். இஞ்சித் தேத்தண்ணியும் போடுவோம்.

பெப்ரவரி 23, இரவு

முடிந்தது. முப்பத்தெட்டில் முப்பத்து மூன்று பேர் முழுத் தூரம். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

நான் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடுகிற வேலையை எடுத்தேன். கடைசியாக வந்தவர் ஹட்டன் பக்கத்து அக்கா ஒருவர், ஐம்பத்திரண்டு வயது. 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்த மலையக நடைபயணத்தில் கலந்துகொண்டவர். "நம்ம ஆளுங்க எறநூறு வருசத்துக்கு முந்தி நடந்து வந்த பாதையில நடந்தேன், இத ஓட மாட்டேனா" என்று முதல் சுற்றிலேயே சொன்னார். அவருக்கு மூச்சு ஒருநாளும் பிரச்சினையாகவில்லை. முழங்கால்தான். ஐந்தாவது மணியில் இறக்கத்தில் பின்பக்கமாகத் திரும்பி நடந்தார், வலி குறைகிறது என்று. நானும் திரும்பி நடந்தேன்.

தம்பியைப் பற்றி: முதல் தடவை எங்களைக் கடந்தபோது பேசச் சொன்னேன். "நல்லா இருக்கு அக்கா" என்று மூன்று மூச்சில் சொன்னார். நான் தலையாட்டினேன், அவருக்குப் புரிந்தது, வேகத்தைக் குறைத்துவிட்டார். 4:16. ஆறு நிமிடம் கூடுதல். முடிவுக் கோட்டில் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினைந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

பெப்ரவரி 25

இரண்டு விஷயம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவது, உங்கள் கைக்கடிகாரம் 42.8 என்று காட்டியது. பாதை நீளமில்லை. கடிகாரம் விநாடிக்கு விநாடி தான் இருக்கும் இடத்தைச் சற்றுத் தப்பாகக் கணித்து, அந்தப் புள்ளிகளைக் கோணல்மாணலாகச் சேர்க்கிறது. அதோடு நாம் எல்லா வளைவிலும் ஓரக்கல்லை ஒட்டியே ஓடுவதுமில்லை. சைக்கிள் சொன்னதே சரி.

இரண்டாவது, சுற்று எண்ணிக்கைச் சண்டை. கண்டியில் இருந்து வந்தவர் தான் எல்லாச் சுற்றையும் முடித்துவிட்டதாகச் சொன்னார், எங்கள் பதிவில் ஒன்று குறைந்தது. அவர் பொய் சொல்லவில்லை, களைப்பில் எண்ணிக்கை தவறியிருக்கிறது. சுற்றுப் பதிவைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஐயா. எழுபத்து மூன்று வயது. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் முப்பது வருடம் பெயர் எழுதியவர். நீள அகலமான பழைய பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரவுக்கும் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே நேரம். கோபப்படாமல் விரலை வைத்துக் காட்டினார்: "தம்பி, நா ஒரு சுத்த விட்டிருந்தா, ஒங்க ரெண்டு வரவுக்கு நடுவுல மட்டும் ரெட்டிப்பு நேரம் இருக்கணும். பாருங்க, எல்லாம் சமமா இருக்கு." அவர் பார்த்தார். தண்ணீர் குடித்தார். திரும்பிப் போய் மிச்சத்தை ஓடிவிட்டு வந்தார். அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன்.

மார்ச் 2

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். யோசித்து யோசித்து இப்போதுதான் எழுத வருகிறது.

இரண்டாவது மேசையில் ஒரு பிள்ளை உதவிக்கு வந்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளை, பதினைந்து வயது. பெருவிரல் இடிக்கிறது என்று கன்வஸ் சப்பாத்தின் நுனியைப் பிளேட்டால் வெட்டி வைத்திருந்தாள். வேலை, ஓடுகிறவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது. ஆனால் ஹட்டன் அக்கா மேசையில் நிற்க மறுத்துவிட்டார், நின்றால் முழங்கால் இறுகிவிடும் என்று. அதனால் அந்தப் பிள்ளை சின்னக் கேத்தலையும் ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு எங்களோடு ஓடி வந்தாள். மேசைக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். சுற்று முடியும் வரை வந்தாள். கேத்தலை நிரப்பிக்கொண்டு அடுத்த சுற்றுக்கும் வந்தாள். தேத்தண்ணி சிந்தவில்லை. பேசிக்கொண்டே ஓடினாள், ஒரு வாக்கியம் கூட உடையவில்லை.

இந்த வயதில் முழு மரதன் ஓட விடமாட்டோம், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. அதனால் மூன்றாவது சுற்றுக்கு மேல் வர வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அவள் முகம் சுருங்கியது. அது சரியா என்று இந்த ஒரு கிழமையாக யோசிக்கிறேன். சரிதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு வேறு எதையும் சொல்லாமல் விட்டது சரியில்லை. அடுத்த வருடம் ஒரே சுற்று ஓட்டம் ஒன்று பிள்ளைகளுக்கென்று இருக்கும், சப்பாத்துக்கு நாங்கள் பணம் சேர்ப்போம். வெள்ளவத்தைத் தம்பி ஏற்கெனவே மூன்று சோடி தருவதாக எழுதியிருக்கிறார். அளவு கேட்டு எழுதுகிறேன்.

நேற்றுப் பதிவேட்டைத் திருப்பி வாங்க ஐயா வீட்டுக்குப் போனேன். முப்பத்தெட்டு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது இருந்தன. பாதியில் நின்ற ஐந்து பேரின் பெயரும் மற்றவர்களுடையதைப் போலவே முழுதாக எழுதப்பட்டிருந்தது. கடைசி வரியில் "தேத்தண்ணிப் பிள்ளை", மூன்று கோடு, மூன்று நேரம்.

அவள் இலக்கம் வாங்கவில்லையே ஐயா என்றேன்.

"மலைக்கு வந்தா பேர் போடணும்மா. அரைப்பேரெல்லாம் இங்க கெடையாது" என்றார்.

சாயந்தரம் அந்தப் பிள்ளை வந்தாள். பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள் என்று செல்பேசியை நீட்டினேன். வேண்டாம் என்று, கொப்பியைத் திறந்து, மூன்று நேரத்தையும் விநாடியோடு பார்த்து எழுதிக்கொண்டாள். "தேத்தண்ணிப் பிள்ளை" என்று இருந்த இடத்தில் பேனாவை வாங்கி, ஐயாவிடம் கேட்டுவிட்டு, தன் பெயரை எழுதினாள்.